ஒத்தக்குழல் அண்ணாச்சி சுடாத காரணம்

இந்த மாவட்டத்தில் அரசாங்கத்தை முழு மனதோடு நம்பிய ஒரே ஆள் ஒத்தக்குழல் அண்ணாச்சிதான். எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். முப்பது வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கிய நானே அந்த அளவுக்கு நம்பியதில்லை. அப்படி நம்பிய மனிதரிடம் ஒரு துப்பாக்கியும் இருந்தது.

விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். பிரிவின் பெயரைக் கேட்டால் கேட்டவர் ஓர் அடி தள்ளி நிற்பார். உள்ளே வந்து பார்த்தால் ஒரு மேஜை, இரண்டு பீரோ, சத்தம் மட்டும் போடும் ஒரு ஃபேன், நான். யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, எதற்காக இருக்கிறது, எத்தனை தோட்டா வாங்கினார், எத்தனையைச் சுட்டார் என்பதெல்லாம் அந்தப் பீரோக்களில் இருந்தது. வெளியே எந்தப் பக்கம் போனாலும் வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்; தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் பெயர். வெடிமருந்து மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரியிடம் எட்டுத் தோட்டாவுக்கு விளக்கம் கேட்பது என் உத்தியோகம். கேட்டேன். கேட்கத்தானே சம்பளம் கொடுத்தார்கள்.

அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆமத்தூருக்கு மேற்கே நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, மக்காச்சோளம். கண்மாய்க்குள் வளர்ந்து கிடக்கும் கருவேலங்காட்டிலிருந்து காட்டுப்பன்றி வந்து பயிரை உழப்பிவிடும் என்பதால், பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கி ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸ் புத்தகத்தில் மட்டும் இருந்தது. ஊருக்கும் ஆபீஸுக்கும் அவர் ஒத்தக்குழல்தான். அவரும் போனை எடுத்தால் "ஒத்தக்குழல் பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வருஷம் தவறாமல் பொங்கல் முடிந்த முதல் திங்கட்கிழமை எங்கள் ஆபீஸுக்கு வருவார். லைசென்ஸைப் புதுப்பிக்கிற வருஷம் வந்தால் போதும். இவர் எல்லா வருஷமும் வந்தார். முதல் தடவை வந்தபோது நான் எரிச்சலோடு கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, யாரும் கூப்பிடலையே?"

"கூப்பிடலதான். துப்பாக்கி நல்லா இருக்கு. தோட்டா எட்டும் நல்லா இருக்கு. நானும் நல்லா இருக்கேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீக?"

"நம்பிக் குடுத்தவுகளுக்குச் சொல்லணும்ல சார்."

சொல்லிவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து அவித்த சோளக்கதிரை எடுத்து நிதானமாகத் தின்பார். வாசனை பிரிவு முழுக்க அடிக்கும். ஒரு நாளாவது "ஒண்ணு சாப்பிடுங்க" என்று நீட்டியது கிடையாது. நானே வெட்கத்தை விட்டு ஒருமுறை பார்வையால் கேட்டேன். "உங்களுக்குக் குடுத்தா லஞ்சமாயிரும் சார்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் அவரே தின்றார்.

லைசென்ஸைப் புதுப்பிக்கும் மனுவில் சில கேள்விகள் உண்டு. மற்றவர்கள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதுவார்கள். இவர் மனதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார். உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டேன். துப்பாக்கி வேண்டுகிறவர்கள் இந்த இடத்தில் பக்கம் பக்கமாக எதிரிகளை அடுக்குவது வழக்கம்.

"எனக்கா? என்னையக் கொல்லுறதுக்கு யாரு சார் மெனக்கெடுவாக? அவுகவுகளுக்கு அவுகவுக சோலி."

"எதிரின்னு யாராவது?"

"பங்காளி ஒருத்தன் இருக்கான். வரப்புத் தகராறு. ஆனா அவனும் நல்லவன்தான், அதையும் எழுதிக்கிடுங்க."

அடுத்தது, மனநிலை சீராக உள்ளதா என்ற கேள்வி. அதில் அவர் வெகு நேரம் நின்றுவிட்டார். "இதை நானே சொன்னா எப்படிச் செல்லும்? வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்" என்று மனுவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் கழித்து வந்தார். "கேட்டுட்டேன் சார். சித்திரை, வைகாசியில கொஞ்சம் கோவம் வருதாம். மத்தபடி ஒண்ணுமில்லையாம்." நான் சீராக உள்ளது என்று எழுதி, சித்திரை வைகாசியை விட்டுவிட்டேன். அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.

தேர்தல் வந்துவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று நோட்டீஸ் அனுப்பி, நாலு போன் போட்டு, கடைசியில் ஏட்டையா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அண்ணாச்சி செய்தியில் தேர்தல் தேதி சொன்ன மறுநாளே கிளம்பிவிடுவார். அப்படி ஒருமுறை துப்பாக்கியைக் கழற்றி, துணியில் சுற்றி, பஸ்ஸில் கால் மாட்டில் வைத்திருக்கிறார். கண்டக்டர் இடறிக்கொண்டு, "என்ன பெரியவரே இது, மண்வெட்டியா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "இல்ல தம்பி, துப்பாக்கி. லைசென்ஸ் இருக்கு, பாக்கீகளா?" என்றாராம் இவர்.

பஸ்ஸில் இருந்தவர்கள் முன் பக்கமாகவும் பின் பக்கமாகவும் ஒதுங்கிவிட்டார்கள். டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அண்ணாச்சி மூட்டையோடு இறங்கி, டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டார். "ஸ்டாப் இல்லாத இடம். இருந்தாலும் எனக்காக நிப்பாட்டினீக. நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் போக வேண்டிய இடமே அதுதான்.

இவ்வளவு சட்டம் பார்க்கிறவர் பன்றியை மட்டும் சும்மா விடுவாரா. ஒருநாள் ஒரு தாளோடு வந்தார்.

"சார், இதுல பாஷை சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் படித்தேன். இத்தால் சகலமான காட்டுப்பன்றிகளுக்கும் அறிவிப்பது யாதெனில், கீழ்க்கண்ட சர்வே எண்ணில் உள்ள மக்காச்சோளப் பயிரை அழிவு செய்யும் பட்சத்தில், உரிமதாரர் தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின்படி நடவடிக்கை எடுக்க நேரிடும். கீழே கையெழுத்து, லைசென்ஸ் எண், தேதி.

"அண்ணாச்சி, பன்னி படிக்குமா?"

"நீங்க ஊர்ல ஒட்டுற நோட்டீஸ மனுசன் படிக்கானா? ஒட்டாமலா இருக்கீக? ஒட்ட வேண்டியது நம்ம கடமை. படிக்கிறதும் படிக்காததும் அதுக இஷ்டம்."

'அழிவு செய்யும்' என்பதைச் 'சேதப்படுத்தும்' என்று திருத்திக் கொடுத்தேன். அதை வரப்பில் கம்பு நட்டு ஒட்டினார். ஒட்டியதோடு நிற்காமல், பொழுது சாயும் நேரத்தில் கண்மாய்ப் பக்கம் பார்த்துச் சத்தமாக வாசிக்கவும் செய்வார் என்று அவர் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பன்றியைச் சுட வேண்டுமென்றால் வனத்துறையிடம் தனியாக அனுமதி வேண்டும். அதற்கும் எழுதிப் போட்டார். பன்றி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டு அவர்கள் கடிதம் அனுப்பினார்கள். இவர் மூன்று நாள் காவல் இருந்து பார்த்து, மேற்கிலிருந்து வந்து வடக்கே போகிறது என்று பதில் எழுதினார். அதோடு அந்தக் கடிதப் போக்குவரத்து நின்றுவிட்டது.

நாங்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் புது அதிகாரி ஒருவர் வந்தார். சின்ன வயது. நல்லவர். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் கெட்டவன் என்று கைகாட்ட ஆளே கிடையாது. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேவையில்லாதவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது, ஒவ்வொரு லைசென்ஸையும் எடுத்து உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள் என்றார். நியாயமான பேச்சு. கல்யாண ஆல்பத்துக்குப் போஸ் கொடுக்கவே லைசென்ஸ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வட்டிக்கு விட்டதைக் கேட்கப் போகும்போது காரின் முன் சீட்டில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போகிறவர்களையும் தெரியும்.

அதிகாரி வைத்த அளவுகோல் ஒன்றுதான். கடந்த வருஷங்களில் எத்தனை தோட்டா பயன்படுத்தினீர்கள்? பயன்படுத்தியவருக்குத் தேவை இருக்கிறது. பயன்படுத்தாதவருக்குத் தேவை இல்லை. ஆல்பக்காரர்களும் கார்க்காரர்களும் மறுநாளே வந்து, பன்றியை விரட்ட வானத்தை நோக்கி இரண்டு, நாயை விரட்ட வானத்தை நோக்கி மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் மாவட்டத்து வானம் அந்த வாரம் பட்ட பாட்டை நான் காகிதத்தில் பார்த்தேன்.

ஒத்தக்குழல் அண்ணாச்சியின் கோப்பில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே பதில். சுட்டது இல்லை. தோட்டா எட்டு.

ஆள் அனுப்பி வரவழைத்தேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "அண்ணாச்சி, விளையாட்டு இல்ல. சுடலன்னு எழுதினா லைசென்ஸ் போயிரும். வானத்தைப் பாத்து ரெண்டு சுட்டேன்னு எழுதிக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"சுடலையே சார்."

"சுடலன்னு எனக்கும் தெரியும். எழுதுங்க."

"அப்ப ரெண்டு தோட்டா கூடுதலா இருக்குமே."

"கிணத்துல போடுங்க."

"கிணத்துல மோட்டார் இருக்கு சார்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இம்புட்டு வருஷமா பன்னி வருதுன்னு சொல்லுதீக. ஒரு தடவ கூடவா சுடத் தோணல? அப்புறம் எதுக்கய்யா உமக்குத் துப்பாக்கி?" என்று கத்தினேன். மரியாதை கூடக் குறைந்துவிட்டது. அவர் அதற்குக் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மேலேயே பதில் சொல்லும் மனிதர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசாமல் போனார்.

விசாரணைக்கு முன்னால் நிலத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். வருவாய் ஆய்வாளரின் வண்டியில் தொற்றிக்கொண்டு நானும் போனேன். என் வேலை இல்லை, இருந்தாலும் போனேன். நல்ல வெயில். அண்ணாச்சி மோட்டார் ரூம் வாசலில் நின்றார்.

"செல்போனை இங்கன வச்சிட்டு வாங்க. செருப்பையும் கழத்திருங்க."

ஆய்வாளர், போன் இல்லாமல் எப்படி, தாசில்தார் கூப்பிட்டால் யார் பேசுவது என்று வேப்பமர நிழலிலேயே நின்று, அங்கிருந்தே பயிரைப் பார்த்து அறிக்கை எழுத ஆரம்பித்தார். எனக்குப் போன் செய்ய யாரும் கிடையாது. கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். சொந்த நிலத்துக்குள் போவதற்கு இது என்ன கூத்து என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பயிரைச் சுற்றிப் பன்றி மிரளுவதற்காகப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். மேற்கு ஓரத்தில் பயிர் முடிந்ததும் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த நாலு சின்ன ரூம்.

வெடி ஆபீஸில் மருந்து செலுத்துகிற ரூம்கள். கதவெல்லாம் திறந்து கிடந்தது. உள்ளே தரையில் பெண்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி அப்பிச் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு பெண் தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, விருந்தாளா? சாப்பிட்டீகளா?"

"ஆச்சு வேலுத்தாயி. மகளுக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?"

"நேத்தே விட்டிருச்சு. இன்னிக்குப் பள்ளிக்கூடம் போயிட்டா."

அவள் போன பிறகு அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அந்த ரூம்களைப் பார்த்தேன். துப்பாக்கி வாயிலிருந்து நெருப்பு வரும் என்பது, காகிதத்திலேயே காலம் தள்ளிய எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

"லைசென்ஸ் வாங்கின புதுசுல ரெண்டு சுட்டேன் சார். அப்ப அங்கன வெறும் பொட்டல். அப்புறம் ரூம் வந்திருச்சு. எல்லாம் முறையா பர்மிஷன் வாங்கிக் கட்டினதுதான். வேலிக்கு அங்கிட்டு முப்பது பொம்பளைக இருக்கையில நான் எப்படி சார் சுட?"

"சாயந்தரம் அவுக போனதுக்கு அப்புறம்?"

"பொம்பளைக போவாக. மருந்து போகுமா?"

"அப்ப எதுக்கு இதை வச்சிக்கிட்டு அலையுதீக? எப்பவோ ஒப்படைச்சிருக்கலாமே."

"நான் சுட மாட்டேன்னு பன்னிக்குத் தெரியுமா?" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "சார், நான் எட்டாங்கிளாஸ் பெயிலு. இவன் கையில துப்பாக்கி இருந்தா ஊருக்கு ஒரு கெடுதலும் வராதுன்னு ஒரு ஆபீசர் என் போட்டோவை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. எனக்கு வேற யாரு அப்படி எழுதிக் குடுத்தா? அது போயிறக் கூடாதுன்னுதான் சார் பாக்கேன்."

எனக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் எவ்வளவு நல்ல காரணம். "அண்ணாச்சி, இதை அப்படியே எழுதிருவோம். பக்கத்துல மருந்து ரூம் இருக்கதுனால பொறுப்போட சுடாம இருந்தார்னு எழுதுதேன். ஆபீசர் படிச்சார்னா உங்களைக் கூப்பிட்டுப் பாராட்டுவார்" என்று பையிலிருந்து கோப்பை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நல்ல பிடி.

"எழுதாதீக."

"ஏன்?"

"மூணு வருஷத்துக்கு முந்தி இந்த வெடி ஆபீஸ் மேல ஒரு மொட்டைக் கடுதாசி போச்சு. வந்தாக, ரூமைப் பூட்டினாக. ஒரு தப்பும் இல்லன்னு சொல்லித் திறந்தாக. திறக்கையில தீபாவளி முடிஞ்சு போச்சு. அந்த சீசன் பூரா இந்தப் பொம்பளைக வேலை இல்லாம கெடந்தாக. வேலுத்தாயி காதுத் தோட்டைக் கழத்தி அடகு வச்சுத்தான் மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினா. இப்ப நீங்க, வேலிக்கு இங்கிட்டுத் துப்பாக்கி லைசென்ஸு, அங்கிட்டு மருந்து ரூமுன்னு எழுதிப் பாருங்க. அதைப் படிக்கிற ஆபீசர் என்ன செய்வாரு?"

என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் ரூமைப் பூட்டுவார், பிறகு என் கோப்பை அடுத்த ஆபீஸுக்கு அனுப்புவார், அங்கிருந்து விளக்கம் கேட்டு வரும். தப்பு யார் பேரிலும் இருக்காது. பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டைப் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். கோப்பைப் பைக்குள் வைத்தேன். அவர் கையை எடுத்தார்.

"அப்ப ஆபீசர்கிட்ட என்ன சொல்லப் போறீக?"

"அதான் தெரியல சார். பொய் சொல்லிப் பழக்கமில்ல."

விசாரணை அடுத்த புதன்கிழமை. அண்ணாச்சி வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. துண்டை இடுப்பில் கட்டாமல் கையில் மடித்து வைத்திருந்தார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டார். நான் ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன்.

"பெரியவரே, உங்க மேல ஒரு புகாரும் இல்ல. உங்க பதிவுகள் மாதிரி சுத்தமா ஒண்ணு நான் பார்த்ததில்ல. ஆனா பன்றி வருதுங்கிறீங்க, துப்பாக்கி இருக்கு, இருபது வருஷமா சுடல. ஏன்? காரணம் இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

உண்மையிலேயே எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார். பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வாயைத் திறந்தார், மூடினார். உண்மை எந்த நிமிஷமும் வெளியே வந்துவிடும் போலத் தெரிந்தது. வரட்டும் என்றும் இருந்தது, வரக் கூடாது என்றும் இருந்தது.

"சோம்பேறித்தனம்ய்யா" என்றார்.

"என்னது?"

"துப்பாக்கியை எடுக்கணும், மாட்டணும், தோட்டா போடணும். யாரு அம்புட்டு வேலை பாக்கன்னு விட்டுட்டேன்ய்யா. சோம்பேறித்தனம்தான். வேற ஒண்ணுமில்ல."

வாழ்க்கையில் முதல் பொய். அதைச் சொல்லும்போது அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேரை அந்த அறையில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மோசமாகப் பொய் சொன்னவரைப் பார்த்ததில்லை. அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அப்ப தேவை இல்லைன்னு முடிவு செய்யலாம்ல?" என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். அதிகாரி சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். உரிமதாரர் சோம்பல் காரணமாகவே ஆயுதத்தைப் பயன்படுத்தவில்லை என ஒப்புக்கொண்டதால் உரிமம் ரத்து செய்யப்படுகிறது. சோம்பல் என்ற நாலு எழுத்தை அடிக்க என் விரல்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உத்தரவை வாங்க அவரே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்து என்னிடம் நீட்டினார்.

"சர்வே எண் உட்பிரிவு தப்பா இருக்கு சார். இது பங்காளி நிலம். ரத்து பண்ணுறதா இருந்தாலும் சரியான நிலத்துக்குப் பண்ணணும்ல."

திருத்திக் கொடுத்தேன். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதின் நகலைக் கொடுத்தார். எட்டுத் தோட்டாவும் அதில் எழுதியிருந்தது. கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டார்.

"வரப்புல ஒட்டுன நோட்டீஸ எடுத்துறணும்ல? அதிகாரம் இல்லாதவன் ஒட்டக் கூடாதுல்ல?"

"எடுத்துருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். அன்றைக்குப் பையில் சோளக்கதிர் இல்லை.

அந்த வருஷம் சோளத்தில் பாதி பன்றிக்குப் போனது. அடுத்த வருஷத்திலிருந்து பருத்தி போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். வானத்தை நோக்கிச் சுட்டதாக எழுதியவர்கள் எல்லாருக்கும் லைசென்ஸ் புதுப்பித்துக் கொடுத்தோம். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வெடி ஆபீஸ் பெரிய இடம் வாங்கிச் சாத்தூர்ப் பக்கம் போய்விட்டது. வேலுத்தாயியும் மற்றவர்களும் இப்போது கம்பெனி வேனில் அங்கே போய் வருகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு ரூமும் காலியாகக் கிடக்கின்றன. இனி யார் என்ன எழுதினாலும் பூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இது தெரிந்ததும், மறுபடி மனுப் போடுங்கள், கூட வந்து நின்று வாங்கித் தருகிறேன் என்று அண்ணாச்சிக்கு ஆள் விட்டுச் சொன்னேன். பதில் வந்தது.

"ஒரு தடவ பொய் சொன்னவன் கையில துப்பாக்கி குடுக்கக் கூடாதுன்னு சார்கிட்டச் சொல்லிருங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆபீஸின் பீரோவில், அவர் போட்டோ ஒட்டிய கோப்பில், ஒத்தக்குழல் அண்ணாச்சி ஒரு சோம்பேறி என்று இருக்கிறது. அடித்தது என் கை. அவர் சோம்பேறி இல்லை. முப்பது பெண்களுக்காக இருபது வருஷம் சுடாமல் இருந்தார், அவர்கள் வேலைக்காக ஒரு பொய் சொன்னார், அதற்குப் பிறகு தன்னைத் தானே மன்னிக்காமல் இருக்கிறார். இதுதான் காரணம்.

அவர் ஊர் சலூனில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். எப்படியும் அவர் கண்ணில் பட்டுவிடும். யாரிடமும் சொல்லாததை ஊருக்கே சொல்லிவிட்டேன் என்று கோபம் வரும். வரட்டும். லைசென்ஸ் போன பிறகு அவருக்கு என்னைப் பார்க்க வேலையே இல்லாமல் போய்விட்டது. பொங்கல் முடிந்த திங்கட்கிழமைகளில் இப்போதெல்லாம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. திட்டுவதற்காவது ஒரு நடை வந்துவிட்டுப் போகட்டும்.